பெயின்ட் வாளியில் புதினா

"ஏங்க... அந்த மூடியை மட்டும் வச்சுட்டுப் போங்க!"

அவளுடைய இரண்டு கைகளிலும் காலி பெயின்ட் வாளிகள். அவள் வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்து வாசலில் குப்பையோடு குப்பையாகக் கிடந்தவை. திரும்பினாள். ஏணியிலிருந்து பாதி இறங்கி நின்றான் ஒருவன். முடியெல்லாம் வெள்ளை பெயின்ட். இமையில்கூட ஒரு துளி... அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்.

"குப்பையில கிடந்ததைத்தான் எடுத்தேன். திருடல!"

"யாருங்க திருடினீங்கன்னு சொன்னது? மூணு டப்பாவைக் கலந்து பிடிச்ச கலர். மூடியில தடவி வச்சிருக்கேன். அதைப் பாத்துத்தான் மிச்சச் சுவருக்குக் கலக்கணும்."

குனிந்து பார்த்தாள். மூடியின் மேல் விரலகலத்தில் காய்ந்த இளம்பச்சை. டொக்கென்று கீழே வைத்தாள்.

"இதைச் சொல்ல எதுக்கு இவ்வளவு சிரிப்பு?"

"கோபத்துல உங்க மூக்கு சிவக்குது. அந்தக் கலரை மட்டும் யாராலயும் கலக்க முடியாதுங்க."

"லேப்ல ரத்தம் எடுக்கறவ நான். ஊசி போடத் தெரியும். ஜாக்கிரதை!"

"அதான் பேச்சுலயே குத்திட்டீங்களே, மேடம்..."

விறுவிறுவென்று நடந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே போனாள் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை, கைக்குட்டை அளவு பால்கனி. அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அந்தச் சூட்டில் வெந்துதான் மகளைக் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆக்கினாள். வெளியே சாப்பிடும் பேச்சே இல்லை. காய் கழுவிய தண்ணீர் செடிக்கு, காய்த்தோல் மண்ணுக்கு. வாளிகளில் புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள். ஒரு பிடி கிள்ளிக் கொதிக்கும் பருப்பில் போட்டால் வீடே மணக்கும். இது கிடைத்ததே பெரிது என்று மகள் தினமும் நினைப்பாள்... வெளியில் சொல்ல மாட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவனே வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் கழுவித் துடைத்த நான்கு வாளிகள்.

"ஏணி மேல நின்னா உங்க பால்கனிதான் தெரியுது. வாளி எதுக்குன்னு இப்பதான் புரிஞ்சுது."

"உள்ள வா தம்பி, சாப்பிட்டுப் போ" என்றாள் அம்மா. வெங்காயத்தாள் தூவிய முட்டையும் சோறும். தலை குனிந்தபடியே சாப்பிட்டான்.

"வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு ரெண்டு வருஷமாச்சும்மா..."

அந்தக் கண்களில் தண்ணீர். அவளுக்குள் ஏதோ ஒன்று இளகியது... ச்சே, முட்டைக்கா இப்படி அழுவான் ஒருத்தன்!

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தான். ஒரு மாதம் கழித்து வந்தபோது அவன் கையில் இரண்டு புது மண்தொட்டிகள்.

"மேடம், அந்த வாளி ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு இதுல..."

சுருக்கென்றது அவளுக்கு. சின்ன வயதில் அடுத்தவர் கொடுத்த சட்டை, அதைக் காட்டி 'பாவம் இந்தப் பொண்ணு' என்ற குரல்கள்... எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தன.

"எங்க வாளியைப் பாத்தா பரிதாபமா இருக்கா? நாங்க ஒண்ணும் பிச்சை கேக்கல. எடுத்துட்டுப் போங்க!"

"ஒரு நிமிஷம், நான் சொல்றதை..."

கதவை அறைந்து சாத்தினாள்.

சற்று நேரத்தில் கதவுக்கடியில் ஒரு தாள் நுழைந்தது. சுவர் தேய்க்கும் உப்புத்தாள். அதன் பின்பக்கத்தில் பென்சில் எழுத்து.

'பச்சைக் கைப்பிடி வாளி ரெண்டுலயும் இருந்தது பூஞ்சைக்கொல்லி கலந்த பெயின்ட். பார்க்காமல் கொடுத்துவிட்டேன். என் தப்பு. அதில் உள்ள கொத்தமல்லியைச் சாப்பிட வேண்டாம். அம்மாவிடமும் சொல்லுங்க.'

கதவைத் திறந்தாள். படிக்கட்டில் யாருமில்லை. தொட்டிகள் மட்டும் இருந்தன. பால்கனிக்கு ஓடினாள். அந்த இரண்டு வாளியிலும் கொத்தமல்லி இப்போதுதான் முளை விட்டிருந்தது. இன்னும் ஒரு இலைகூடக் கிள்ளவில்லை. வாளிகளை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"ஏன்டி," என்றாள் அம்மா, தொட்டிகளை உள்ளே தூக்கி வைத்தபடி. "எனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டப்போ கூட வேலை செய்றவங்க என் பங்கையும் சேத்துத் தேய்ச்சாங்க. அதனாலதான் என் வேலை நிலைச்சுது, நீ படிச்ச. அதெல்லாம் பிச்சையா?"

தொட்டியின் விளிம்பைத் தடவினாள் அவள். எத்தனை கைகள்... ஒன்றையாவது நன்றியோடு நினைத்துப் பார்த்திருக்கிறாளா?

மறுநாள் மதியம் ஏணிக்கடியில் போய் நின்றாள்.

"இறங்குங்க."

"ஊசி இருக்கா?"

"சாப்பாடுதான் இருக்கு."

இறங்கினான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கத்தினது தப்பு. யாராவது உதவின்னு வந்தாலே எனக்கு பயம்... நாளைக்குச் சொல்லிக் காட்டுவாங்களோன்னு."

"நான் காட்டினேனா?"

"இல்ல. அவ்வளவு திட்டியும், நாங்க நல்லா இருக்கணும்னு வாசல்ல உக்காந்து எழுதிட்டுப் போனீங்க..." சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். "பிடிச்சிருக்கு. உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம்... நான் பத்தாவதே தாண்டல."

"உங்க மார்க் ஷீட்டையா கேட்டேன்?"

"ஒரு மாசமா சனிக்கிழமை மட்டும் தலை சீவிட்டு வர்றேன். நான் வேற எப்படிச் சொல்றது..." சிரித்தான். பிறகு தயங்கினான். "மறுபடியும் ஏதாவது கொண்டு வந்தா...?"

நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் முறைப்பேன்... ஆனா வாங்கிக்குவேன்."