குளியலறைத் தரைக்குக் கீழே

"யோவ்! அந்த டைல்ல சுத்தியல் பட்டுச்சு... அடுத்த அடி உன் மண்டையில!"

ஓங்கிய கையோடு குழாய்க்காரன் திரும்பிப் பார்த்தான். குளியலறை வாசலில் ஒருத்தி. தலையில் இறுக்கிய துண்டு, தோளில் சாக்குப்பை, மழையில் நனைந்த முகம். இமை நுனியில் ஒரு துளி... விழுமா, விழாதா என்று பார்த்துக்கொண்டே நின்றவன் கையை இறக்க மறந்துவிட்டான்.

"என்ன முழிக்கிற? நான் டைல்ஸ் வேலைக்கு வந்தவ. இந்த டிசைன் இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காது. முழுசாப் பேத்துத் தரேன். அப்புறம் உன் குழாயக் கொஞ்சிக்க."

கீழே சமையலறைக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று வீட்டுக்கார அம்மா இருவரையும் தனித்தனியாக வரச் சொல்லியிருந்தாள்.

அவள் குந்தி உட்கார்ந்து, டைலைச் சுற்றியிருந்த பூச்சை இஞ்ச் இஞ்சாகச் சுரண்டினாள். அவன் கைவிளக்கைப் பிடித்தான். வெளிச்சம் அவள் முகத்தின் மேல்தான் விழுந்தது.

"டைல் இங்க இருக்கு."

"தெரியும்."

"அப்ப இங்க காட்டு!"

"இவ்வளவு நேரமா ஒரு டைலுக்கு?"

"அவசரப்பட்டா உடையும்."

மூன்று மணி நேரம் ஓடியது. மழையும் விடவில்லை. காய்ப்பேறிய கை, நகக்கண்ணில் சிமெண்ட்... அவனுக்கு அந்தக் கை பிடித்துப்போயிற்று. உழைக்காத கையைப் பிடித்துக்கொண்டு என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியாது.

"இந்த வீட்டு வேலையே வேணாம்னு எங்கப்பா ஒத்தக் கால்ல நின்னாரு. கேட்டா மூட்டு வலியாம். போறது நான், வலி அவருக்கு!"

"எங்கப்பாவும் போகாதேன்னாரு... உங்கப்பா யாரு?"

"ரசமட்டம்னா எல்லாருக்கும் தெரியும். தரை மேடா பள்ளமான்னு கண்ணாலயே சொல்வாரு."

விளக்கு ஆடியது.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

"...பிளம்பர் பிரஷர் மகன்."

உளி நின்றது.

பதினெட்டு வருஷத்துக்கு முன், இதே குளியலறை வேலையில், குழாய் திருகும் தன் பைப் ரிஞ்சைக் காணோம் என்று பிரஷர் எல்லோர் முன்னாலும் ரசமட்டத்தின் சட்டையைப் பிடித்த கதை, இரண்டு வீட்டிலும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட கதை.

"உங்கப்பன் சொன்ன ஒரு வார்த்தை... ரெண்டு வருஷம் ஒரு மேஸ்திரியும் எங்கப்பாவைக் கூப்பிடல. எங்கம்மா செங்கல் சுமந்தா. எங்கப்பா திருடன் இல்லய்யா!"

கோபத்தோடு நெம்பினாள். டைல் முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியில், சிமெண்டுக்குள், துருவேறிய ஒரு ரிஞ்ச். கைப்பிடியில் பிரஷர் கீறிய பெருக்கல் குறி.

"பாத்தியா! குழியில மறந்து வெச்சுட்டு எங்கப்பாவை..." என்று கத்தினவள் சட்டென்று அடங்கினாள். குனிந்து ரிஞ்சைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். இடைவெளியே இல்லாமல் விரலால் அமுக்கிய பூச்சு. "பாக்காம இப்படிப் பூச முடியாது... தெரிஞ்சேதான் எங்கப்பா பொதைச்சிருக்காரு."

அவள் கண் கலங்கியதைப் பார்க்காதவன்போல் அவன் குழாயில் கவனமானான். பத்தே நிமிஷத்தில் ஒழுக்கை அடைத்தான்.

"மூடிரு. நான் எதையும் பாக்கல."

"உங்கப்பா ரிஞ்ச்சு..."

"வீட்ல நாலு கிடக்கு."

அவள் அவனையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். "அப்பா, இங்க வா. மூட்டு வலியோடவே வா." அவனும் பெருமூச்சு விட்டுத் தன் அப்பாவுக்குப் போன் போட்டான்.

வந்த இருவரும் குழியைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"காலையில திருடன்னான். மத்தியானம் பாத்தா குழியில கிடக்குது," என்றார் ரசமட்டம், சுவரிடம். "கத்தினவன் தேடட்டும்னு வெச்சுப் பூசிட்டேன்."

"குழியில வெச்சது எனக்குச் சாயங்காலமே ஞாபகம் வந்துருச்சு," என்றார் பிரஷர், வாளியிடம். "ஓடி வந்தா தரை போட்டாச்சு. அவ்வளவு கத்திட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல?"

"தெரிஞ்சேவா என்னைத் திருடன்ன?"

"தெரிஞ்சேதான நீயும் மறைச்ச?"

"போதும்!" என்றாள் அவள். "எல்லாரும் கேக்கச் சொன்னதை எல்லாரும் கேக்க மாத்திச் சொல்லுங்க."

பிரஷர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கொட்டும் மழையில் கத்தினார். "ரசமட்டம் திருடன் இல்ல!"

தெருவில் குடையோடு போன ஒருவர் அண்ணாந்து பார்த்து, "சரிங்க," என்றார்.

"நானும் யோக்கியன் இல்லன்னு சேத்துச் சொல்லு," என்று உறுமினார் ரசமட்டம். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பெரியவர்களும் வாசல்படியில் உட்கார்ந்து, ரிஞ்ச்சுக்கு எண்ணெய் விட்டு, எந்தப் பக்கம் திருகுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே அவள் டைலைப் பதித்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினாள்.

"ஒண்ணு சொல்லணும்... ஒரு டைல் பேத்தெடுக்க எனக்கு அரை மணி நேரம் போதும்."

"மூணு மணி நேரம் ஆச்சே?"

"ஆச்சு..." அவள் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

குழாய்க்காரனுக்குக் கணக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். வந்ததும் கைவிளக்கைத் தூக்கினான். வெளிச்சம் தரையை விட்டு நகர்ந்து, அவள் முகத்தின் மேல் போய் நின்றது.

இந்த முறை, டைல் எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.