பெரட்டுக்குப் போனவர்கள்

தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளின் பின்பக்க வடிகானில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

மழை விட்டிருந்தால் வேலாயி அதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டாள். தகரக் கூரையில் மழை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாடையும் அறைக்குள்ளேயே சுற்றி வந்தன, ஆனால் மலையிலிருந்து இறங்கி லயத்தை உரசிக்கொண்டு இத்தனை நாளாய் இரைந்த அந்தக் கான் மட்டும் வாயை மூடிக்கொண்டது. மத்தியானம்தான், ஆனாலும் விடியலா அந்தியா என்று தெரியாத இருட்டு. எட்டிப் பார்த்தாள். கானில் வெறும் சேறு. அப்போதுதான் வெட்டிய குழியின் வாடை வந்தது.

மழைத் தண்ணீரெல்லாம் மலைக்குள் இறங்குகிறது.

பயத்தைவிட ஆத்திரம் வந்தது. ஓட்டுரிமையை அரசாங்கம் பிடுங்கியது. வேலைக்கு ஆகாதென்று தோட்டம் பதிவிலிருந்து பேரை வெட்டியது. வெட்டிய கிழடுகளையெல்லாம் சரிவின் காலடியில் இருந்த இந்தப் பழைய லயத்தில் கொண்டுவந்து தள்ளியது.

கணக்கப்பிள்ளை லெட்சுமணன் போன வாரம் குடையை மடக்காமலே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

"மண்ணு சரியிற மாதிரி இருந்தா தப்படிப்போம். கேட்டதும் மேல பாறை மேட்டுல இருக்க தேயிலை ஸ்டோருக்கு ஏறிடணும். நடக்க ஏலாதவங்கள ஆள் வந்து தூக்கும்."

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு அடிப்பாங்களே, அதே தப்புங்களா ஐயா?"

"பின்ன, ஒங்களுக்குத் தனியா மேளம் வாங்கணுமா?"

இப்போது தப்பு ஒலித்தது.

கட்டிலில் அவள் புருசன் கந்தப்பன். இடுப்புக்குக் கீழே விளங்காமல் கிடப்பவர். தூக்க யாரும் வரவில்லை. வரமாட்டார்கள், பாவிகள்! கம்பளியில் உருட்டி இழுத்துக்கொண்டாவது போய்விடலாம் என்று அதைத் தரையில் விரித்தாள்.

நிமிர்ந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நேரமாச்சு. லேட்டானா வெரட்டிருவாங்க."

கண்கள் அவளைப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி நடந்தார். ஸ்டோருக்கு அல்ல. கீழே.

லயத்துச் சனமே இறங்கிக்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்துக்கு எழுந்த கால்கள். பக்கத்து அறைப் பேச்சியம்மாவின் தலையில் கொழுந்துக் கூடைக்கயிறு இருந்தது, முதுகில் கூடை இல்லை.

"அது பெரட்டு இல்ல! மலை வருது! மேல ஏறுங்க!"

யாரும் திரும்பவில்லை. சரிவுக்கு நேர் கீழே, பெரட்டுக்களத்தில், வரிசை கட்டினார்கள். தோளோடு தோள்.

மேலே ஸ்டோர் வாசலில் குடைகள் தெரிந்தன. ஒருவனும் இறங்கவில்லை.

"தப்ப நிறுத்துங்கடா!" தொண்டை கிழியக் கத்தினாள். "நாசமாப் போறவனுங்களா, நிறுத்துங்கடா!"

நிற்கவில்லை.

களத்துக் கற்படியில் ஓடி வந்து கந்தப்பனின் கையை எட்டிப் பிடித்தாள்.

"வாங்க. மேல போயிருவோம்."

"இன்னும் பேரு கூப்பிடலையே."

மேலே மரங்கள் முறிந்தன. ஒரு காற்று. பிறகு மண்.

கண்ணைத் திறந்தபோது களம் இல்லை. அவள் நின்ற படியோடு சேறு நின்றிருந்தது. சிவப்பாக. சமமாக. ஒரு தலை கூடத் தெரியவில்லை.

அவள் கைக்குள் கந்தப்பனின் கை இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே மண்.

இழுத்தாள். அதுவும் இழுத்தது.

சேற்றுக்குள், களத்தின் ஒரு கோடியிலிருந்து, பெரட்டில் பேருக்குக் கொடுக்கும் பதில் குரல் வந்தது.

"ஐயா."

அடுத்தது.

"ஐயா."

வரிசை பிசகவில்லை. பேச்சியம்மா. நல்லமுத்து. கடைசியாகக் கந்தப்பன்.

பிறகு அமைதி. எல்லாரும் அவள் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.