ஊசித் துளைகளில் ஒரு பெயர்

“எழுதப் படிக்கத் தெரியாதவ ஓட்டுச்சாவடியில அதிகாரி முன்னால சத்தமாத்தான் பேரைச் சொல்லணும். ஏஜெண்டா நானும் அங்கதான் உக்காந்திருப்பேன். எங்க ஆள் பேரைத் தவிர வேற பேரு வாயில வந்துதுன்னா, அன்னைக்கே பெட்டியைக் கட்டிடு.”

சால்வு கத்தியது அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. கேட்காதவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டார்கள்.

கார்மனி நூலில் லேஸ் பின்னியபடியே கேட்டுக்கொண்டாள். கணவர் உலகப்போர்க் குண்டுவீச்சில் இறந்த பிறகு, அவருடைய அண்ணன் சால்வுவின் பின்கட்டு அறைதான் அவளுக்கும் பத்து வயது மகள் தெக்லாவுக்கும் வீடு. மழை வந்தால் மூன்று இடத்தில் ஒழுகும். ஆனாலும் கூரை கூரைதானே.

பிரிட்டிஷ் ஆட்சியில் மால்டா பெண்களுக்கும் ஓட்டுக் கிடைத்த முதல் தேர்தல் அது. சால்வுவின் ஆள் ஒரு மாவு வியாபாரி. கார்மனியின் மனமோ, விதவைகளுக்கு உதவித்தொகை வேண்டும் என்று பேசிய டாக்டர் புஜேயாவின் பக்கம்.

“பேரைப் பாத்து நீயே சீட்டுல போட்டுட்டா சத்தமா சொல்ல வேண்டாமேம்மா,” என்றாள் தெக்லா.

“பத்து நாள்ல நான் எங்கடி படிக்கிறது?”

தெக்லா அம்மாவின் கைகளைப் பார்த்தாள். அட்டையில் குத்திய துளைகளைப் பார்த்தே எந்தப் பூவையும் லேஸ் வேலையில் பின்னிவிடும் கைகள். ஒருமுறை பின்னியதை அவை மறந்ததே இல்லை. தெக்லா தேர்தல் சுவரொட்டியைப் பார்த்து டாக்டரின் பெயரை எழுதிக்கொண்டு வந்து, அட்டையில் ஊசியால் குத்தினாள். பக்கத்தில் நேராக ஒரு கோடு. அதுதான் ஓட்டுச்சீட்டில் அந்தப் பெயருக்கு எதிரே போடவேண்டிய ‘1’ என்ற எண்.

கார்மனி அந்தப் பெயரைப் பின்னினாள், பிரித்தாள், மறுபடி பின்னினாள். சால்வு ஒருநாள் கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்த்து, பூங்கொடி கோணலாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

தேர்தலன்று அதிகாரி உதவி வேண்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம்,” என்றாள் கார்மனி.

சால்வு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் தோற்றார். சால்வுவால் பெட்டியைக் கட்டச் சொல்லவும் முடியவில்லை. ஒருவேளை அவள் தன் ஆளுக்கே போட்டிருந்தால்? அதனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் பேசவில்லை, ஒழுகலையும் அடைக்கவில்லை.

இரண்டு வருடத்தில் தாயும் மகளும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பின்னாளில் தெக்லா அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். சால்வு இன்றும் கடிதம் போடுகிறார். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்ற கேள்வி கடைசி வரியில் தவறாமல் இருக்கும். கார்மனி இப்போது தன் கையாலேயே பதில் எழுதுகிறாள். பேரனுக்குப் பல் முளைத்தது, இங்கே கூரை ஒழுகாதது எல்லாம் எழுதுவாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.