இரண்டாவது டேங்க்

அம்மாவின் பழைய ஜீப்பைக் கண்டாலே மிளகுக்குப் பயம்.

மிளகு என்பது அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. சொந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் சொல்வார்கள். பத்து வயதுக்கு ரொம்பவே சின்ன உருவம் என்பதால் மற்ற எல்லோருக்கும் அவள் மிளகு.

அம்மா கால்நடை மருத்துவர். வெகு தொலைவில் இருக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கு அந்த ஜீப்பில்தான் போவார். வழியில் பெட்ரோல் பங்கு எதுவும் கிடையாது. விடுமுறை நாட்களில் மிளகும் கூடப் போவாள். அம்மா ஊசி போடும்போது மாட்டின் முகத்துக்கு முன்னால் நின்று, பேச்சுக் கொடுத்து அதை ஏமாற்றுவது அவள் வேலை.

போன தடவை திரும்பும் வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இருவரும் பொட்டல்வெளியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். தற்செயலாக ஒரு லாரி வந்ததால் தப்பித்தார்கள். அன்றிலிருந்து மிளகின் கனவில் அந்த ஜீப் அடிக்கடி வந்தது. வந்து, இருமி, நின்றுபோனது. ஒரு கனவில் கணக்குப் பரீட்சை நடக்கும்போது வகுப்புக்குள்ளேயே வந்து நின்றது.

அப்பாவுக்கு வீட்டை ஒட்டியே பட்டறை. ஜீப்புக்கு இன்னொரு டேங்க் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்று அவர் சொன்னார். உடைக்கப் போட்டிருந்த ஒரு வண்டியிலிருந்து டேங்க் ஒன்றைக் கொண்டு வந்தார். பல தடவை கழுவினார். தண்ணீர் நிரப்பி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தார். பிறகு காயவைத்து, வண்டியின் பின்பக்கம் அடியில் தூக்கி வைத்து, இரும்புப் பட்டைகளால் இறுக்கினார்.

ஓட்டுநர் காலடியில் ஒரு சின்னக் கைப்பிடி வந்தது. வலப்பக்கம் திருப்பினால் பழைய டேங்க், இடப்பக்கம் திருப்பினால் புது டேங்க். பெட்ரோல் ஊற்ற வெளியே தனி மூடி இருந்தது. இதெல்லாம் மிளகுக்குப் புரிந்தது. ஆனால், புது டேங்கின் தலையிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் கிளம்பி, தரையில் இருந்த ஓட்டை வழியாக வண்டிக்குள் வந்து, ஓரமாகப் போய், எதிலும் சேராமல் முடிந்தது. அது எதற்கு என்றுதான் தெரியவில்லை.

"அப்பா, பெட்ரோல் உள்ள போக ஒரு குழாய் இருக்கு. வெளிய வர ஒண்ணு இருக்கு. இந்தச் சின்னது என்ன பண்ணும்?"

அப்பா ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வாயில் இரண்டு போல்ட்டுகள்.

"மூங்கு," என்றார்.

"மூங்கிலா?"

அப்பா போல்ட்டுகளைத் துப்பினார். "மூக்கு. டேங்குக்கு மூக்கு."

அதற்குள் ஸ்பேனர் நழுவி அவர் நெற்றியில் விழுந்தது. அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

இனி மிளகின் பயம் போய்விடும் என்று அம்மாவும் அப்பாவும் நினைத்தார்கள். அது போகவில்லை. இத்தனை நாள் பெட்ரோல் இல்லையே என்று பயந்தவள், இப்போது இவ்வளவு பெட்ரோலுக்கு மேல் உட்கார வேண்டியிருக்கிறதே என்று பயந்தாள்.

இரண்டு டேங்கையும் நிரப்பிக்கொண்டு மறுவாரம் கிளம்பினார்கள். வழியில் ஓர் அகலமான ஆறு. அதில் தண்ணீர் இல்லை, வெறும் மணல்தான். ஜீப் சுலபமாக அதைக் கடந்தது.

மேய்ச்சல் நிலத்தில் செவலை நிறக் கன்று ஒன்று காலை ஒடித்துக்கொண்டு படுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும் என்றார் அம்மா. காலுக்குத் தப்பை வைத்துக் கட்டி, அம்மாவும் மாட்டுக்காரரும் இன்னும் இருவரும் சேர்ந்து அதை ஒரு பலகையோடு தூக்கி, ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். மலைப்பக்கம் மேகம் கறுத்திருப்பதால் சீக்கிரம் ஆற்றைத் தாண்டிவிடும்படி மாட்டுக்காரர் சொல்லியனுப்பினார்.

ஆறு வருவதற்குச் சற்று முன்பு ஜீப் இருமியது.

மிளகு இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினார். இன்னும் இரண்டு இருமல். பிறகு எஞ்சின் பழையபடி ஓடத் தொடங்கியது. புது டேங்க் வேலை செய்கிறது. மிளகு மூச்சு விட்டாள்.

ஆற்றின் நட்டநடுவில் எஞ்சின் நின்றது.

அம்மா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியதே தவிர, ஓடவில்லை. அம்மா இறங்கிப் போய்ப் புது டேங்கின் மூடியைத் திறந்தார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். உள்ளே எட்டிப் பார்த்தால் பெட்ரோல் ததும்பிக்கொண்டிருந்தது. மூடியை இறுக்கிவிட்டு வந்து மறுபடி சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பியது. ஆனால் பத்தடி போவதற்குள் மீண்டும் நின்றுவிட்டது.

தூரத்தில் இடி உருண்டது. மிளகு கீழே பார்த்தாள். காய்ந்திருந்த மணலில் ஒரு மெல்லிய தண்ணீர்க் கோடு ஊர்ந்து வந்து, முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டது. அவள் கால்களை இருக்கைமேல் இழுத்துக்கொண்டாள்.

"மிளகு, இறங்கி அந்தக் கரைக்குப் போ. மேட்டுல ஏறி நில்லும்மா."

அம்மாவின் குரல் மிகவும் நிதானமாக இருந்தது. மாட்டுக்கு நிலைமை மோசம் என்றால்தான் அம்மா அப்படிப் பேசுவார்.

"செவலை?"

அம்மா கன்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இறங்கி, மறுபடியும் டேங்கின் மூடியைத் திறந்தார்.

உஸ்ஸ்.

மிளகு மணலில் கால் வைத்தாள். ஓடிவிடு, ஓடிவிடு என்று உடம்பு முழுவதும் சொன்னது. நான்கைந்து அடி ஓடவும் செய்தாள். ஆனால் அந்தச் சத்தம் அவள் காதைவிட்டுப் போகவில்லை. மூடியைத் திறந்தால் எஞ்சின் ஓடுகிறது. மூடினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு, மூக்கையும் பொத்திக்கொண்டால் அவளால் மட்டும் எவ்வளவு நேரம் ஓடமுடியும்?

அவள் திரும்பி ஓடி வந்தாள்.

"அம்மா, டேங்குக்கு மூச்சு முட்டுது. அதோட மூக்கு எங்கயோ அடைச்சிருக்கு."

அம்மா புரியாமல் பார்த்தார். மெல்லிய குழாயைப் பற்றி மிளகு மூச்சிரைக்கச் சொன்னாள். பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும்; வராவிட்டால் பெட்ரோலும் வராது. சொல்லும்போதே அது அவளுக்கே இன்னும் தெளிவானது. அப்படியானால் மூடியைத் திறந்து வைத்தே போகலாமா என்றும் கேட்டாள்.

"கூடாது. கரை செங்குத்தா இருக்கு. ஏறும்போது பெட்ரோல் சிந்தி, சூடான சைலன்சர்ல பட்டா தீப்பிடிச்சிடும்." அம்மா மூடியை இறுக்கிவிட்டு, ஆற்றின் மேல்பக்கத்தைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் கணுக்கால் அளவு கூட வரவில்லை. "உள்ள போய்ப் பாரு. ஒரே தடவைதான். நான் கூப்பிட்டா அந்த நொடியே வெளிய வந்துடணும். அப்புறம் ரெண்டு பேருமே கரைக்குப் போயிடறோம்."

கன்றுக்கும் ஜீப்பின் சுவருக்கும் நடுவே ஒரு சாண் அகலம்தான் இடைவெளி. வேறு யாராலும் அதில் நுழைந்திருக்க முடியாது. மிளகு நுழைந்தாள். செவலை மிரண்டு தலையை ஆட்டியது. அதன் நல்ல காலின் குளம்பு அவள் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு உதை விட்டால் பல் எல்லாம் போய்விடும்.

ஆற்றில் இறங்கிய குலுக்கலில் பலகை நகர்ந்திருந்தது. அதன் விளிம்பு ரப்பர் குழாயின்மேல் உட்கார்ந்து, அதைத் தட்டையாக நசுக்கியிருந்தது. குழாயை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கன்றின் மொத்தக் கனமும் அதன்மேல்தான் இருந்தது.

வெளியே தண்ணீரின் சலசலப்பு கூடியிருந்தது.

"செவலை," என்றாள் மிளகு. குரல் நடுங்கியது. நடுங்கும் குரலை மாடு நம்பாது என்று அவளுக்குத் தெரியும். எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ கொஞ்சமே கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் படு, போதும். ஆஸ்பத்திரிக்குப் போனா உனக்கு மெத்துனு வைக்கோல் போடுவாங்க. அங்க ஒரு கிழட்டுக் கழுதை இருக்கு. ரொம்பப் பேசும். அதுகூட மட்டும் சேராதே."

பேசிக்கொண்டே அதன் காதுக்குக் கீழே சொறிந்துவிட்டாள். கன்றின் கழுத்து மெல்லத் தளர்ந்தது. இன்னும் சொறியட்டும் என்று அது தலையை நீட்டி, உடம்பை மறுபக்கம் சாய்த்தது. பலகையின் விளிம்பு ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டது.

மிளகு குழாயைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அது விடுபட்டது. நசுங்கிய இடத்தை விரல்களால் உருட்டி நிமிர்த்தினாள்.

"அம்மா, ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் கிளம்பியது. அவள் கையில் இருந்த குழாய், சளி பிடித்த குழந்தை மூக்கை உறிஞ்சுவதுபோல் காற்றை உள்ளே இழுத்தது. ஜீப் நகர்ந்தது. பத்தடி போயிற்று, இருபதடி போயிற்று. மிளகு குழாயைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, கண்களை இறுக மூடிக்கொண்டாள். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறியபோது, செவலை அவள்மேல் சாய்ந்தது. அவள் பிடியை விடவில்லை.

மேட்டில் போய் அம்மா வண்டியை நிறுத்தினார். இருவரும் இறங்கித் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு பழுப்பு நிறத்தில், கிளைகளையும் செத்தைகளையும் உருட்டிக்கொண்டு வெள்ளம் வந்தது. ஜீப் நின்ற இடம் எது என்றே தெரியாமல் போயிற்று.

அம்மா மிளகைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். ஜீப் சாவியை அம்மா இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பதை மிளகு அப்போதுதான் பார்த்தாள்.

"நீங்களும் பயந்தீங்களாம்மா?"

"உன்னைவிட அதிகமா."

செவலைக்கு மறுநாள் காலில் மாவுக்கட்டுப் போட்டார்கள். நடந்ததைக் கேட்டதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. குழாயைக் காலில் இடறும் இடத்தில் விட்டது தன் தப்புதான் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் காலையிலேயே குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கிளிப்புகளோடு ஜீப்புக்குள் உட்கார்ந்துவிட்டார். மிளகு போய்ப் பின்கதவில் சாய்ந்து நின்றாள்.

"இங்க மாட்டட்டுமா?" என்று அப்பா கேட்டார்.

"அங்க மருந்துப்பெட்டி இடிக்கும். இன்னும் மேல."

"இங்க?"

"இன்னும் மேல. யார் காலும், எந்தப் பலகையும் எட்டக்கூடாது."

கூரையை ஒட்டி, அவள் விரல் நீட்டிக் காட்டிய இடத்தில் அப்பா கிளிப்பை வைத்து, நன்றாக இறுக்கினார்.