கதவோரம் கிடந்த ரத்தம்

தாரணி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, ஷாமலைப் பிடிச்சிட்டாங்க. தூக்குல போட்டுருவாங்களா?"

சுபத்ரா மலேசிய மலையூரான தானா ராத்தாவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"உன் புருஷன் வெட்டுனாரா?"

"இல்ல. அந்தப் புவனேஸோட சண்டை போட்டது உண்மை. கேம்ப்புல எரிக்கிற குப்பைப் புகை எங்க லயத்து வீட்டுக்குள்ள வருதுன்னு கத்துனாரு. வெட்டிருவேன்னும் சொன்னாரு லா. யாருதான் அப்படிச் சொல்லல?"

கேம்ப் என்றது தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை. அடுத்த கொள்ளைநோய் வந்தால் ரத்த மாதிரிகளை எப்படிக் கையாள்வது என்று ஐந்து நாட்டு ஆய்வகப் பணியாளர்கள் அங்கே பயிற்சி எடுத்தார்கள். ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த புவனேஸ் அன்று காலை பின்னறையில் பிணமாகக் கிடந்தாள்.

டாக்சிக்கார மணியம் வண்டியை எடுத்தான். துப்பறிவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முதலில் ஸ்டேஷன். கம்பிக்குப் பின்னால் ஷாமலின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

"கையக் காட்டு," என்றார் சுபத்ரா.

காய்ப்பேறிய இரண்டு கைகள். ஒரு கீறல் இல்லை.

பங்களாவின் பின்னறையில் உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். ரத்தத்தை எடுக்கவில்லை. கழுத்தில் மூன்று வெட்டு, கூரைவரை தெறித்திருந்தது. தரையில் குளமாய் உறைந்து ஈ மொய்த்தது. வழக்கமாக வராந்தாவில் தொங்கும் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியைக் கழிப்பது, அந்தக் குளத்தில் கிடந்தது. கதவோரம் மட்டும் கையகலத்துக்கு ஈரக் காகிதம் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுற்றி வட்டமாகத் தரை வெளுத்திருந்தது. பிளீச் நாற்றம்.

"தடயத்த அழிக்கப் பார்த்திருக்கான்," என்றார் அங்கே காவல் நின்ற போலீஸ் சார்ஜன்.

"அவ்ளோ பெரிய குளத்த விட்டுட்டா?"

கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது: கையுறை போட்ட கை, கதவின் கைப்பிடி, குறுக்கே சிவப்புக் கோடு. அந்தக் கதவைத் திறந்துகொண்டு பயிற்சித் தலைவர் டாக்டர் குகனேஸ்வரன் நீலக் கையுறையோடு வந்தார். பின்னால் வந்த ஜப்பானியப் பயிற்சியாளர் ஹருகோ வாசலில் இருந்த கிருமி கொல்லும் சாராய மருந்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார்.

"மருந்து தடவாம யாருய்யா உன்னை உள்ள விட்டது?" என்று டாக்டர் மணியத்தை அதட்டினார்.

சுபத்ரா கதவைச் சாத்தினார்.

"டாக்டர், இந்தப் படத்த ஒட்டுனது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் ஏன் கையுறையோட கைப்பிடியத் தொட்டீங்க?"

டாக்டர் கையைப் பின்னால் கொண்டுபோனார். சுபத்ரா கதவோரத்தைக் காட்டினார்.

"காகிதம் போட்டு மூடி, ஓரத்துலேருந்து நடுவுக்கு பிளீச் ஊத்தியிருக்கு. தோட்டத்து ஆளு பக்கத்துக் குழாயத் தொறந்து கழுவியிருப்பான்."

மணியம் அதை மலாயில் சொன்னதும் ஹருகோ உடைந்த மலாயில் சொன்னார்: முதல் நாள் பாடம் அது. சிந்திய ரத்தத்தில் உள்ள கிருமியை அப்படித்தான் கொல்லச் சொன்னோம்.

"ஏன்க்கா அந்த இடத்த மட்டும்?" மணியம் கேட்டான்.

"குளம் புவனேஸோடது. கதவோரம் சொட்டுனது கொன்னவனோடது. கவ்வாத்துக் கத்தியில பிடிக்கும் அலகுக்கும் நடுவுல தடுப்பு கிடையாது. ரத்தம் பட்டா கை வழுக்கி அலகுல போயிரும். ஷாமல் கை முழுசா இருக்கு. உங்க கையக் காட்டுங்க டாக்டர்."

"நான் எதுக்கு அவளக் கொல்லணும்?"

மணியம் அதையும் மலாயில் சொல்ல, ஹருகோ மெதுவாகச் சொன்னார். மாதிரிகளைப் பற்றி இன்று என்னிடம் பேச வேண்டும் என்று புவனேஸ் நேற்று கேட்டாள்.

குகனேஸ்வரனின் குரல் சுரத்திழந்தது. "பயிற்சிக்குக் கேட்ட செத்த கிருமி வந்து சேரல. அஞ்சு நாட்டு ஆளுங்க முன்னாடி கைய விரிக்க முடியுமா? உயிரோட உள்ளதக் கொடுத்தேன். கவனமாத்தான் இருந்தோம். எல்லாரையும் அடைச்சு வச்சு சோதிக்கணும்னு நின்னா அவ."

சொல்லி முடிக்கும்போதே ஸ்டூலைத் தூக்கி மணியத்தின் வாயில் அடித்தார். பல் உடையும் சத்தம் கேட்டது. கதவை நோக்கிப் பாய்ந்தவரின் முழங்காலில் சார்ஜனின் தடி இறங்கியது. எலும்பு முறிந்து விழுந்தார். கையை ஊன்றியதில் கையுறை கிழிந்தது. உள்ளங்கையில் வாய் பிளந்த வெட்டு. அதிலிருந்து சிமெண்டில் ரத்தம் சொட்டியது.

ஹருகோ ஒன்றும் யோசிக்கவில்லை. காகிதத்தை விரித்து அதன்மேல் போடப் போனார். மறுகையில் பிளீச் போத்தல்.

சுபத்ரா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊத்தாதீங்க. ஷாமல் வெளிய வர அந்த ரத்தம் வேணும்."