இரண்டாவது சாட்சி

தம்பியின் நெற்றிப்பொட்டில் நினைவொட்டியை வைத்து, "அம்மா சோறு போட்டத நெனைலே," என்றாள் சந்தனமாரி. பொன்னுலிங்கம் கண்ணை மூடினான். மடியில் விரிந்திருந்த நினைவேட்டில், அம்மாவின் சேலைத் துண்டு ஒட்டிய பக்கத்தில், ஈரம் ஊறுவதுபோல அம்மா ஊறி வந்தாள். அதில் கை வைத்தால் குழம்புச் சூடு தெரியும்.

"பெரிய மீன் துண்டு எனக்குத்தான்," என்றான்.

"அதாம் இப்பிடிப் பெருத்துக் கெடக்க."

தூத்துக்குடிப் பக்கம் இப்போது திதி என்றால் படையலோடு ஏடும் உண்டு. கேட்கிற குரல் சொந்தக் குரலாக இருந்தால்தான் நினைவு மேலே வரும். அதனால் மூத்த பிள்ளை கேட்க வேண்டும். ஆளுக்கொரு மாதிரி சொன்னால் கருவி இழைத்து ஒன்றாக்கிவிடும். ஒருவர் சொன்னதை மற்றவர்கள் மறுத்தால் அது ஏட்டில் நிற்காது. இரண்டாவது சாட்சி வேண்டும். கடைசியில் எல்லாரும் ஏட்டில் உள்ளங்கை வைப்பார்கள். செத்தவரைப் பற்றி ஏட்டில் இருப்பது மட்டும் மண்டைக்குள் தங்கும், மற்றது போய்விடும். இது வந்த பிறகு பங்காளிச் சண்டை குறைந்துதான் போனது.

சந்தனமாரிக்கு வேண்டியது ஒரே ஒரு சாயங்காலம். அவளுக்கு அப்போது பதினாறு வயது. உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பை மூடாமல் விட்டாள். மழையில் அம்பாரம் பாதி கரைந்தது. அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு, உப்பு அரித்து வெடித்த அதே கையால் அந்தக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, இருட்டும்வரை பேசாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளை அவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். அதைப் பார்த்தவள் அம்மாவின் தங்கை வள்ளிமுத்து மட்டும். சித்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் இந்தக் கேள்வியை எடுத்தாள்.

"மழையில உப்பு கரைஞ்சன்னைக்கு அம்மா என்னைய அடிச்சா. அத ஒட்டணும்."

கூடத்தில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"திதியன்னைக்கா இதக் கேப்ப?" என்றான் பொன்னுலிங்கம். "அம்மா ஒரு ஈ எறும்ப அடிச்சிருப்பாளா?"

"நீ பாக்கல. சித்தி பாத்தா."

கருவி சித்தியின் நெற்றிப்பொட்டுக்குப் போனது. சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். வள்ளிமுத்து அவர்களைப் பார்த்தாள், மாலை போட்ட படத்தைப் பார்த்தாள்.

"எங்க அக்கா பிள்ளைகள கை நீட்டுனதே இல்லட்டி," என்றாள்.

பக்கம் வெளுத்தது.

நேற்றே அடுப்படியில் வைத்துத் தனியாகக் கேட்டிருக்கலாம். நாலு பேர் நடுவில் செத்தவளை யார்தான் குறை சொல்வார்கள்? ஆனால் கேட்டுவிட்ட கேள்வியைக் கருவி திருப்பித் தராது. மூத்தவள் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைக்கலாம். அதற்குப் பிறகுதான் இலை போடுவார்கள். பிள்ளைகள் பசியில் சிணுங்கின. சந்தனமாரி கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, கையை ஏட்டில் வைத்தாள்.

ஒவ்வொருவராக வைத்தார்கள். சந்தனமாரி கொல்லையில் இலை கழுவிக்கொண்டிருந்தபோது சித்தி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"என்ன மன்னிச்சிருட்டி. அக்கா ஒன்ன அடிச்சா. நான் பாத்தேன். அடிச்சிட்டு ஒங் கன்னத்த விடவே இல்ல அவ. சம்பந்தி வீட்டாளுக முன்னால வாய் வரல."

சந்தனமாரி சிரித்தாள். "யார, என்னையா? வெயில்ல வந்தது ஒங்களுக்குத் தல சுத்துது சித்தி. அம்மா யாரையும் அடிச்சதில்லையே."

வள்ளிமுத்து அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சித்தி, ஒங்க கை மட்டுந்தான் பாக்கி," என்று உள்ளேயிருந்து பொன்னுலிங்கம் கூப்பிட்டான். "ஒங்களாலதான் எல வைக்காம நிக்கி."

சித்தி அக்காவை நினைத்துத்தான் அழுகிறாள் என்று சந்தனமாரிக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. கையைத் துடைத்துவிட்டு, சித்தியை எழுப்பி, தோளில் கை போட்டுத் தானே உள்ளே கூட்டிப் போனாள்.

"வைங்க சித்தி. வச்சிட்டா மனசு லேசாயிரும்."