ஒண்ணுமில்ல, வந்துட்டுப் போ

மெய்வலை என்ற புதிய இணையம் தென்மாவட்டங்களுக்கு வந்த நான்காம் நாள், செண்பகவல்லிக்கு அண்ணன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கழுகுமலையில் அப்பாவோடு இருக்கும் கழுகாசலம், வாயை மூடினால் தலை வெடித்துவிடும் ரகம். தினமும் தங்கைக்கு ஒரு குரல்செய்தியாவது அனுப்பாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மூன்று நாளாகச் சத்தமே இல்லை. வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்குகிறானோ? மடியில் கனமில்லாவிட்டால் ஏன் பதுங்க வேண்டும்? அவனே கூப்பிடட்டும் என்று அவளும் வீம்பாக இருந்தாள்.

சந்தேகப்படுவதுதான் அவள் பிழைப்பு. பழைய இணையத்தில் யார் குரலிலும் யாரும் பேசலாம் என்றாகி, பெற்ற பிள்ளையின் குரலையே நம்ப முடியாமல் ஜனங்கள் தவித்த காலத்தில், புதிய இணையத்துக்கான ஆராய்ச்சி சிறுசேரியில் தொடங்கியது. கேள்வி ஒன்றுதான்: தான் சுமப்பது மெய்யா பொய்யா என்று வலைக்கே தெரியவைப்பது எப்படி? ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செண்பகவல்லி பொய்யுணரியைச் செய்தாள். அது வலையின் ஒவ்வொரு கணுவிலும் உட்கார்ந்து, பேசுபவரின் மூச்சையும் குரல் நடுக்கத்தையும் நாடித்துடிப்பையும் எடைபோடும். பொய்யான செய்தியை, நேர்ப்பேச்சானால் பொய்யான அந்த வாக்கியத்தை மட்டும், வழியிலேயே விழுங்கிவிடும். பொய் வந்தது என்றுகூடப் பெறுபவருக்குச் சொல்லாது. சொன்னால் என்னவென்று கேட்கப் போய் ஏமாறுவார்கள் என்று, அதையும் தீர்மானித்தவள் அவள்தான்.

உடன் வேலை பார்க்கும் ஜெபக்கனி அப்போதே கேட்டாள்.

"எல்லாப் பொய்யும் ஒண்ணுதானா மேடம்?"

பொய்யில் என்ன நல்ல பொய், கெட்ட பொய் என்று செண்பகவல்லி அவள் வாயை அடைத்துவிட்டாள்.

விழுங்கியவற்றைத் திறந்து பார்க்கும் உரிமை வடிவமைத்தவர்களுக்கு மட்டும் உண்டு. அன்று மத்தியானம் வீம்பு தாங்காமல் அண்ணனின் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். பதினொரு செய்திகள். பதினொன்றும் பொய். நான் நினைத்தது சரிதான் என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது அவளுக்கு. வெட்கங்கெட்ட பெருமை. முதல் செய்தியைத் திறந்தாள்.

"தாயி, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. லேசாக் காய்ச்சல், அவ்வளவுதான். சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அடுத்தவற்றைத் திறக்கத் தைரியம் வரவில்லை. தூரத்தில் இருப்பவள் வழியில் பதறி விழுந்துவிடக்கூடாதே என்று சொல்லும் பேச்சு அது. அதைக் கேட்டதும் மாற்றுச்சேலைகூட எடுக்காமல் பஸ் ஏறுகிற ஜாதி நாம். பொய்யுணரிக்கு அது எங்கே தெரியும்? அதற்குச் சொல்லிக்கொடுத்தவளே மறந்துபோனாளே.

தானோடி வண்டியில் ஏறி அழைத்துக்கொண்டே இருந்தாள். திண்டிவனம் தாண்டிய பிறகுதான் அண்ணன் எடுத்தான். நீ அனுப்பியது எதுவும் எனக்கு வரவில்லை, நான் கட்டிய வலையே தின்றுவிட்டது என்று அழுதாள்.

"பாத்து வா தாயி," என்றான். "ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"அண்ணே, அப்பா இருக்காருல்ல?"

எதிர்முனையில் பேசுகிறார்கள் என்பதற்கான பச்சைப் புள்ளி கைபேசியில் எரிந்தது. அண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நிறையச் சொன்னான்.

அவள் காதில் ஒரு சொல்லும் விழவில்லை.